சீட்டில் விழுந்த கல்லூரி

பன்னிரண்டாம் வகுப்பில் அமுதவல்லி நல்ல மதிப்பெண் வாங்கியதும் பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் எங்கள் பசியாவரத்தில் எல்லோரும் எந்தக் காலேஜு என்று கேட்டார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். இடம் கிடைத்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. அவள் வரதன் சித்தப்பாவின் மகள், எனக்குத் தங்கை. நான் சில வருடங்கள் வெளியூர்களில் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளாததால், அவள் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

மூன்று கல்லூரிகளில் அவளுக்கு இயற்பியலில் இடம் கிடைத்திருந்தது. மூன்றுக்கும் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போனோம். அலுவலகப் பக்கம் அவள் எட்டிப் பார்க்கவில்லை. நேராகக் கேன்டீனில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் ஒன்றைத்தான் கேட்பாள்: "கிளாஸ் முடிஞ்சதும் இங்க இன்னா பண்ணுவீங்க?"

முதல் கல்லூரி பெண்களுக்கானது. அதன் பஸ் பழவேற்காடு வரை வந்து ஏற்றிப்போகும். "வீட்டுக்குப் போவோம், வேற இன்னா?" என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள். வராந்தாவில் ஒரு மேடம் நடந்துகொண்டிருந்தார். அவர் தாண்டிப் போகும்வரை கேன்டீனில் ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை.

இரண்டாவது, நெடுஞ்சாலையோரக் கண்ணாடிக் கட்டடம். நீச்சல் குளம்கூட இருந்தது. மாதத்துக்கு ஒரு விழா உண்டு, கிளாசுக்கு வராவிட்டாலும் கேட்க மாட்டார்கள் என்று ஒருவன் பெருமையாகச் சொன்னான். லேப் எந்தப் பக்கம் என்று இவள் கேட்டதற்கு அவன் இன்னொருவனைக் கேட்டான். அவனுக்கும் தெரியவில்லை.

மூன்றாவது சென்னையில், ஹாஸ்டலோடு கூடிய பழைய கல்லூரி. சுவரெல்லாம் காரை பெயர்ந்திருந்தது. ஒரு கணக்கின் விடைக்காக இரண்டு பெண்கள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் கேள்வியைக் கேட்டதும் அதற்கும் சண்டை வந்தது. ஒருத்தி லைப்ரரி என்றாள், இன்னொருத்தி கபடி என்றாள். பிறகு எலுமிச்சைச் சாதத்தை இவள் பக்கம் தள்ளினார்கள்.

"எந்த ஊரு?"

"பழவேற்காடு."

"அப்ப வரும்போது இறால் எடுத்தாருவியா?"

"நீ எனக்குச் சோறு போட்டுக்கிட்டே இருப்பியா?"

மூவரும் சிரித்தார்கள். திரும்பும் வழியில், "அங்க சண்டை போட உடறாங்க அக்கா. அதான் வேணும்" என்றாள்.

வீட்டில் வேறு முடிவு. செல்வம்மாள் சித்திக்குப் பஸ் வரும் கல்லூரிதான் பிடித்தது. மகள் இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஊர் நிர்வாகத்தில் இருக்கும் ரங்கன் பெரியப்பாவுக்குக் கண்ணாடிக் கட்டடம்தான் கௌரவம். வரதன் சித்தப்பா யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். கடைசியில் பெரியப்பா தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்: சீட்டுப் போடுவது.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் பிரிப்பார்கள். பாடு என்று பெயர். சீட்டு விழுந்த பிறகு எதிர்த்துப் பேசியவன் கிடையாது. சித்தி பெயரில் ஒன்று, பெரியப்பா பெயரில் ஒன்று, அமுதவல்லி பெயரில் ஒன்று என்று சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். சித்தப்பா எடுத்தார். பஸ் கல்லூரி விழுந்தது.

"முடிஞ்சுது. நாளைக்குக் கடைசி நாளு, போய்ச் சேத்துட்டு வந்துடுங்க" என்று பெரியப்பா எழுந்தார்.

"நான் அங்க போவல" என்றாள் அமுதவல்லி.

"இன்னா?"

"சென்னைக்குத்தான் போவேன்."

"சீட்டு உழுந்த பொறவு பேசக் கூடாதும்மா" என்றார் சித்தப்பா மெதுவாக.

"பாட்டுக்குச் சீட்டு போடுறது சரி, நைனா. இந்த வாட்டி மோசமான இடம் உழுந்தா அடுத்த வாட்டி நல்லது உழும். எனக்கு அடுத்த வாட்டி எங்க இருக்குது?"

"வாயப் பாரு. ஊரு கட்டுப்பாடு உனக்குத் தெரியுமாடி?" என்றார் பெரியப்பா.

"தெரியுமே. பாட்டுல பொம்பளைக்குப் பேரே கிடையாது. நான் போய்க் கேட்டா குடுப்பியா பெரிப்பா? இடம் பிரிக்கிறப்ப நான் கணக்குல இல்ல. கட்டுப்படுறதுக்கு மட்டும் இருக்கேனா?"

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. "நாளைக்கு எவன் படகுல ஏத்துறான்னு பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். காலையில் நான் கேட்டுப் பார்த்த மூன்று பேரும் வலையைத் தைத்துக்கொண்டே முடியாது என்று தலையாட்டினார்கள்.

அமுதவல்லி கெஞ்சவில்லை. சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பழவேற்காட்டுக் கரையைப் பார்த்து ஏரிக்குள் இறங்கினாள். ஆனி மாதம், தண்ணீர் வற்றியிருந்தது. சேறு மட்டும் காலை விடாது. நான் பின்னாலேயே இறங்கினேன். கரையில் ஊரே நின்றது. சித்தப்பா பெரியப்பாவின் பக்கத்தில் குனிந்த தலையோடு நின்றார்.

இடுப்பளவு ஆழத்தில் இருந்தபோது பின்னால் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. மாற்றுத் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சித்தி வந்துகொண்டிருந்தாள்.

"செல்வம்மா, நீயுமா? சீட்டு உன் பேர்லதானே உழுந்துது" என்று கரையிலிருந்து பெரியப்பா கத்தினார்.

சித்தி நின்று திரும்பினாள். "ஆமா மாமா, எனக்குத்தான் உழுந்துது. தனக்கு உழுந்த பாட்டை இன்னொருத்தனுக்கு உட்டுக்குடுக்கறது உங்க ஆம்பளைங்க செய்யறதுதானே? நான் எம் பொண்ணுக்கு உட்டுக்குடுத்துட்டேன். அபராதம் போடறதா இருந்தா சாயந்திரம் வந்து போடுங்க."

சித்தப்பா நிமிர்ந்து, கட்டியிருந்த தன் படகின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"வேணாம் நைனா, பாதிக்கு மேல வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு அமுதவல்லி முன்னால் நடந்தாள்.