திரும்பிப் போகாத தண்ணீர்

குழாயில் தண்ணீர் வரவில்லையே என்பது உங்கள் கவலை. வந்த தண்ணீர் திரும்பிப் போய்விடக் கூடாதே என்பது என் கவலை. பெங்களூர் தண்ணீர் இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்த நாட்களில், ஓட்டல், லாட்ஜ், பட்டறை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கட்டடத்துத் தண்ணீர் தெருக் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வைச் சோதிப்பேன். கோடையில் தெருக் குழாய் காலியானால், தொட்டியில் கிடப்பதையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். குடிக்கப்போவது நீங்களும் நானும்தான்.

அம்புக்குறி

மெஜஸ்டிக் பக்கத்தில் ஒரு லாட்ஜ். நோட்டீஸ் கொடுத்த மறுநாளே வால்வு மாட்டிவிட்டார்கள். நான் போனபோது மாடியில் சோப்பு நுரையோடு நாலைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். வால்வைப் பார்த்தேன். தண்ணீர் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி தெருவைப் பார்த்து இருந்தது. உள்ளே வரவேண்டிய தண்ணீரையே தடுத்து நிறுத்தியிருந்தார்கள். மேனேஜர் மட்டும் பெருமையாகச் சொன்னார்:

"உள்ள வந்தாத்தானே சார் வெளிய போகும்?"

பொட்டு வைத்த வால்வு

கப்பன்பேட்டையில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் முனிரத்தினம் பலே ஆசாமி. அவருடைய வால்வுக்கு ஆயுத பூஜை அன்று வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. பிரித்துக் காட்டுங்கள் என்றேன். பூஜை போட்ட சாமானைப் பிரிக்க மாட்டேன் என்றார். உள்ளே இருக்கும் தடுப்பு மூடியைக் கழற்றினால் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் வரும், எனக்கா தெரியாது? ஒரு வாரம் தவணை, பிறகு இணைப்பைத் துண்டிப்பேன் என்றேன். அவர் அசரவில்லை:

"தண்ணி வர்றதே பெரிய பாடு, சும்மா பேஜார் பண்ணாதீங்க. அது எங்க சார் திரும்பிப் போவப்போவுது?"

மயில் கழுத்து

தவணை முடியுமுன் அவரே ஆபீசுக்கு ஓடி வந்தார். அதே தெரு நர்ஸிங் ஹோமில் அவர் மகளுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட ஆயா பேசினில் பிடித்த தண்ணீரில் சாயம். நல்லவேளை, குழந்தையை இறக்குமுன் பார்த்துவிட்டாள்.

"எந்தப் பாவி சார் இதைச் செஞ்சான்? கனெக்‌ஷனை வெட்டுங்க!" என்று குதித்தார்.

"என்ன கலர்?" என்றேன்.

"மயில் கழுத்து" என்றவர், சட்டென்று சாயம் படிந்த தன் விரல்களைப் பார்த்தார். காலையில் அவர் பட்டறையில் போட்டதும் அதே கலர்தான். இருவருமாகப் பட்டறைக்குப் போனோம். பூஜை போட்ட வால்வாயிற்றே என்று நான் சற்றுத் தயங்கினேன். அவர் கையை நீட்டினார்:

"பொட்டு போனா போவுது சார், ஸ்பேனரை இப்படிக் குடுங்க. என் பேத்தி அங்க இருக்குது!"

அன்றுமுதல் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், வால்வைப் பார்ப்பதற்குமுன், "இந்தத் தெருவில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா?" என்றுதான் முதலில் விசாரித்தேன்.