கைகள் நின்ற அத்தியாயம்

மூடியைச் சரியாகத் திருகாத பூச்சிமருந்து டப்பா ஒன்று யாருடைய பையிலோ இருந்திருக்க வேண்டும். போன வாரம் பூண்டிக்குப் போகும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அந்த வாடை முகத்தில் வந்து மோதியது. ஜன்னலைத் தள்ளினேன். மேகம் உள்ளே வந்தது. கூடவே சித்தப்பாவும் வந்தார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சித்தப்பா மேல்நாட்டுத் தத்துவத்தின் வரலாற்றை எல்லாருக்கும் புரியும் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாரும் என்றால், எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து பூண்டின் காய்ந்த தாளை நறுக்கும் பெண்கள். எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்டுவார். கேட்கும்போது கைகள் நின்றால் அத்தியாயம் தேறியது. நிற்காவிட்டால் திரும்ப எழுதுவார்.

கைகள் நிற்கவே இல்லை. ஒரே ஆற்றில் எவரும் இரண்டு முறை இறங்க முடியாது என்று அவர் உருகி வாசித்த நாளில், கூக்காலிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒருத்தி, "எங்கூரு ஏரியில ஒருக்கா எறங்குனவ மறுக்கா எறங்க மாட்டா தம்பி. அம்புட்டுக் குளுரு. இதச் சொல்ல ஒரு சீமைக்காரனா" என்றாள். கொட்டகையே சிரித்தது. அத்தையும் சிரித்தாள்.

அத்தை, சித்தப்பாவுக்கு அக்கா. பள்ளங்கியில் வாழ்ந்தவள். மாமா இறந்தபின் கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். மாமாவுக்கு நெஞ்சுவலி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் நம்பியிருந்தேன்.

அந்தக் கிரேக்கத்துக் கிழவரின் அத்தியாயம் வந்தது. கேள்வி கேட்டுக் கேட்டே ஊரைப் பகைத்துக்கொண்டவர். விஷம் குடித்துச் சாக வேண்டும் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. தப்பிக்க வழியிருந்தும் அவர் போகவில்லை. கைக்குழந்தையோடு வந்து அழுத மனைவியை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டு நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு முகம் சுளிக்காமல் குடித்தார்.

ஒரு அரிவாள் நின்றது. இன்னொன்று நின்றது. பூண்டுச் சருகு தரையில் இறங்கும் ஓசைகூட இல்லை. சித்தப்பாவின் முகத்தில் வெயில் அடித்த மாதிரி ஒரு பிரகாசம். ஜெயித்துவிட்டார். குரலை இன்னும் தாழ்த்தி, இன்னும் அழகாக, கால் மரத்ததை வாசித்தார், உடல் குளிர்ந்ததை வாசித்தார். கைதட்டலாமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி," என்றாள் அத்தை. சத்தமே இல்லாத குரல். "எங்க வீட்டுக்காரரும் மருந்தக் குடிச்சுத்தான் செத்தாரு. அந்த மொகத்த நீ பாக்கல. நான் பாத்தேன்."

தாள்கள் சித்தப்பாவின் கையிலிருந்து சரிந்து பூண்டுக் குவியலில் விழுந்தன. யாரும் எடுக்கவில்லை. பெண்கள் அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நெஞ்சுவலி எங்கே போனது? ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? சித்தப்பாவுக்குத் தெரியும். தெரிந்துமா வாசித்தார்? நிற்கும் கைகளையே பார்த்திருந்த கண்ணுக்கு, அவை யாருடைய கைகள் என்பது தெரியாமல் போயிருக்கிறது. இதை யோசிக்க எனக்கு இத்தனை வயது ஆக வேண்டியிருந்தது.

மறுநாள் வெள்ளனே அத்தை பள்ளங்கிக்கே கிளம்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா முன்னால் நடந்தார், நான் பின்னால். பஸ் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த அத்தியாயத்தக் கிழிச்சுப் போட்டுர்றேங்க்கா" என்றார்.

அவள் சொன்ன பதில், விட்ட இடத்திலிருந்து கதை கேட்பது போலத்தான் அன்று எனக்குப் பட்டது. சித்தப்பாவுக்கு ஏன் கண் நிறைந்தது என்று விளங்கவில்லை. பிறகு எத்தனையோ எளிய தத்துவ அறிமுக நூல்களைப் படித்துவிட்டேன். எல்லாமே அழுத அந்த மனைவியை வாசல்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டுக் கிழவரிடம் திரும்பிவிடுகின்றன.

பிள்ளையை மடியில் சரித்துக்கொண்டு அத்தை சொன்னாள்: "கிழிக்காத. அழுத அந்தம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாகள்ல? அங்க போயி, அந்தப் பிள்ளைகிட்ட அப்பனப் பத்தி அந்தம்மா என்னன்னு சொல்லுச்சுன்னு எழுது. எழுதிட்டு வந்து எனக்குப் படிச்சுக் காட்டு."