யூதக் கோயிலில் நான் பொறுக்கிய பத்துப் பொட்டலம்

…இல்லை, நீங்களே சொல்லுங்கள். பியானோவுக்குப் பின்னால் பேப்பரில் சுற்றிய பாண் துண்டு, பிரெட்தான், கிடந்தால், கூட்டிப் பெருக்க வந்தவள் வேறென்ன செய்வாள்?

ப்ளீச் மணமும் பழைய புத்தக மணமும் கலந்த ஹோல் அது. இப்பவும் மூக்கில் நிற்கிறது…

தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் இவரும் லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரெய்னர்ஸ் லேனில் ஒரு ரூம். இவருக்கு வேலையில் ஷிப்ட் குறைந்துவிட்டது. அந்த நேரம்தான் இரண்டு பஸ் தள்ளி, யூதர்களின் கோயிலில் எனக்கு கிளீனிங் வேலை கிடைத்தது. சினகோக் என்பார்கள். "பாஸ்கா பண்டிகை வரைக்கும் பார்ப்போம், பிறகு நிரந்தரம்" என்றார் மிஸிஸ் ரூத். ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுத்த டீச்சர் அவர்தான். கோயில் சாவியும் அவரிடம்தான்.

இவருக்கு ஒரே பயம்.

"உமக்கு இங்கிலீசும் தெரியாது, அவையின்ர சமயமும் தெரியாது. என்னெண்டு சமாளிக்கப் போறீர்?"

"கோயில்தானேப்பா. செருப்பைக் கழட்டி வச்சிட்டுக் கூட்டினாச் சரி."

முதல் நாள் அப்படித்தான் வாசலில் கழற்றி வைத்தேன். மிஸிஸ் ரூத் அதை லொஸ்ட் ப்ரொப்பட்டி பெட்டியில் போட்டுவிட்டார்.

குசினியில் மட்டும் எனக்குப் பாடமே தேவைப்படவில்லை. இறைச்சிக்குச் சிவப்புப் பிடிக் கத்தி, பாலுக்கு நீலப் பிடி. சிங்க்கூட இரண்டு. மச்சச் சட்டியும் சைவச் சட்டியும் வேறாக வைக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு இதையா விளங்கப்படுத்த வேண்டும்?

பிள்ளைகள் எபிரேய எழுத்துகளை "அலெஃப், பெத்" என்று கோரஸாகச் சொல்ல, நான் மொப்பைத் தள்ளுவேன். மூன்றாம் கிழமைக்குள் எனக்கும் பாடமாகிவிட்டது.

பாஸ்காவுக்கு முந்தின ஞாயிறு. பெற்றோர் எல்லாரும் வருகிறார்கள், ரபியும் வருகிறார். ரபி என்றால் அவர்களின் குரு. அவர் தலையசைத்தால்தான் என் வேலை நிரந்தரம். ஒருமுறை கூட்டியது போதாதென்று தும்புத்தடியை எடுத்து இரண்டாம் தரமும் கூட்டினேன்.

பியானோவுக்குப் பின்னால் ஒரு பொட்டலம். யன்னல் விளிம்பில் ஒன்று. கதிரைக்குக் கீழே ஒன்று… பிரித்தால் உள்ளே பாண். பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை ஒளித்துவிட்டார்கள், ரபி கண்டால் என் வேலை போச்சு என்று ஒன்றும் விடாமல் பொறுக்கினேன்.

சாப்பாட்டைக் குப்பையில் போட மனம் வருமா? சனிக்கிழமையில் காகத்துக்கு வைக்கிற கை. காகம் இல்லாவிட்டால் என்ன, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் புறாக்களுக்குப் போட்டேன். புண்ணியமும் ஆச்சு, ஹோலும் சுத்தம்.

பத்து மணிக்குத் திரைச்சீலையை இழுத்து லைட்டை அணைத்தார்கள். பிள்ளைகள் கையில் மெழுகுதிரி, துகளைக் கூட்டி எடுக்க இறகு, மரக்கரண்டி. பாஸ்காவுக்குப் புளித்த மாவில் செய்தது ஒரு துகள்கூடக் கட்டடத்தில் இருக்கக்கூடாதாம். அதைத் தேடிப் பழக, பத்துப் பாண் துண்டுகளைத் தாங்களே ஒளித்துவைப்பார்களாம். நான் கூட்டி முடித்துவிட்டேன் என்று நினைத்து மிஸிஸ் ரூத் ஒளித்திருக்கிறார். இதை யார் எனக்குச் சொன்னார்கள்?

தேடினார்கள்… தேடினார்கள். நாலு தகப்பன்மார் பியானோவைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் அழத் தொடங்கினாள். மிஸிஸ் ரூத்தின் முகம் வெளுத்துவிட்டது. கிடைக்காவிட்டால் கட்டடம் முழுவதையும் புரட்ட வேண்டும்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது, வேலையும் தப்பும். ஆனால் கோயிலுக்குள் நின்றுகொண்டு மறைக்கலாமா? எந்தக் கோயிலாக இருந்தால்தான் என்ன… மொப்பைப் பிடித்தபடியே நடுவில் போய் நின்றேன்.

"மிஸிஸ் ரூத்… பிரெட்… ஐ கிளீன்."

"ஹவ் மெனி?"

"ஓல் டென். பேர்ட்ஸ் ஈட்."

ரபி கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், சிரிப்பு. "மெழுகுதிரிகூட இல்லாமல் பத்தையும் கண்டுபிடித்திருக்கிறார். இவரை விட்டுவிடாதீர்கள்" என்று மிஸிஸ் ரூத்திடம் சொன்னார்.

வேலை நிரந்தரம். பதினொரு வருடம் இருந்தேன். அன்றே திரும்பவும் பாண் ஒளித்தபோது மட்டும், என்னைக் குசினிக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியைக் கையில் தந்து, ஒரு தகப்பனைக் காவலுக்கு விட்டார்கள்.

இவரிடம் வந்து சொன்னேன்.

"உம்மட கையில தும்புத்தடியைத் தந்த சனம் பாவமப்பா" என்றார்.

இப்போது எங்கள் கோயிலில் ஞாயிறு தேவார வகுப்பு நான்தான் எடுக்கிறேன். பிள்ளைகளின் தலை ஃபோனைவிட்டு நிமிராது. அதனால் ஹோலில் பத்துக் கற்கண்டுப் பொட்டலம் ஒளித்துவைப்பேன், அப்போதுதான் ஓடுவார்கள். கிளீனருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அந்தப் பழைய ஹோல் இப்போது ஃப்ளாட்ஸ். மிஸிஸ் ரூத்தும் போய்விட்டார். பாத்திரம் கழுவும்போது அலெஃப், பெத் மட்டும் தானாக வாயில் வரும்…

ஐயோ, இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. புறாவுக்குப் போட்டது ஒன்பதுதான். பத்தாவதைப் போடப்போகும்போது மிஸிஸ் ரூத் கூப்பிட்டார் என்று கோட் பொக்கெட்டுக்குள் வைத்தேன். திரும்பிப் போகும்போது பஸ்ஸில்தான் கையில் தட்டுப்பட்டது. அவர்கள் பியானோவைத் தூக்கித் தேடின நேரமெல்லாம் அந்தக் கோட் தொங்கியது, ரபியின் தொப்பிக்குப் பக்கத்துக் கொக்கியில்.