பெட்டியில் பாதி இடம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் கிராமத்துப் பள்ளியில் ஒரு அறையும் ஒரு பூட்டும் இருந்தன. பெரும்பாலும் பூட்டுதான் கண்ணில் படும். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று இரண்டாம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு பஞ்சர்.

தங்கைக்கு முதல் மொட்டை அடிக்கத் திருமலைக்குப் போயிருந்தோம். அவள் அழுத அழுகைக்குத் துணையாக நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, மாமா, நான் மூவரும் தலையைக் கொடுத்தோம். மறுநாள் மாமாவின் டாட்டா ஏஸ் வண்டியில் திரும்பும்போது, புத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் டயர் போனது. ஸ்டெப்னி அதற்கு முன்பே போயிருந்தது. மாமா அதைச் சொல்ல மறந்திருந்தார். நைனாவும் அவரும் டயரை உருட்டிக்கொண்டு கடை தேடிப் போனார்கள். தங்கையை மடியில் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்த அம்மா, எதிரே இருந்த கேட்டைக் காட்டினாள்.

“அங்க போயி தண்ணி புடிச்சிக்கினு வாடா.”

அது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும், இருந்தும் வளர்க்க முடியாதவர்களின் பிள்ளைகளும் தங்கிப் படிக்கும் பள்ளி. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வெள்ளையடித்த செங்கல். கதவெல்லாம் திறந்திருந்தது. சாப்பாட்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் என் தலையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தகப்பனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளைக்கும் மொட்டைதான் அடிப்பார்கள். அப்படி மழித்த தலையோடு அங்கே வந்து சேர்ந்தவர்கள் அந்த வரிசையிலேயே இருந்தார்கள். என் தலையில் பூசிய சந்தனமோ வியர்வையில் எப்போதோ வழிந்து போயிருந்தது.

என்னைவிடக் கொஞ்சம் பெரியவன் ஒருவன் ஓடி வந்து பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தான்.

“வா, கைய கயுவிக்கினு துன்னலாம். இன்னிக்கு முட்டை.”

பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. புதிதாக வந்தவன் தானாக வாயைத் திறக்கும்வரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது அந்தப் பிள்ளைகளுக்குள் இருந்த கட்டுப்பாடு. புதியவன் ஒவ்வொருவனுக்கும் பழைய பிள்ளைகளில் ஒருவன் அண்ணன். படுக்கை, குளியல், அழுகை எல்லாம் அந்த அண்ணன் பொறுப்பு. பாட்டிலை வாங்கியவனுக்கு அதுவரை அப்படி ஒரு தம்பி அமையவில்லை என்பது எதிரே உட்கார்ந்தவனின் கிண்டலில் தெரிந்தது.

“இவனுக்கே மூக்கு சிந்தத் தெரியாது. இவனுக்குத் தம்பியா? நாளைக்கே ஓடிப்பூடுவான் பாரு.”

“நீ உன் சாம்பாரப் பாரு. இவன் எங்கயும் போமாட்டான். இல்லடா?”

நான் முட்டையை மென்றபடி தலையாட்டினேன். அது அவனுடைய முட்டை. என்னுடையது ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

சாப்பிட்டதும் தன் கட்டிலுக்குக் கூட்டிப்போனான். தகரப் பெட்டியைத் திறந்து, சட்டைகளையெல்லாம் ஒரு பக்கமாக அழுத்தித் தள்ளினான். ஒரு பம்பரத்தை மட்டும் மறுபக்கம் வைத்தான்.

“இந்தப் பாதி உன்து. பம்பரமும் உன்து. ராத்திரி பயமா இருந்தா என்னை எழுப்பு, இன்னா?”

வெளியே அம்மா தண்ணீருக்குக் காத்திருப்பது எனக்கு மறந்தே போனது. இந்தப் பள்ளியை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போது வாசலில் நைனாவின் குரல் கேட்டது. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா கொடுத்தனுப்பிய லட்டுப் பையோடு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். பள்ளிக்கூடத்துக்குள் எப்படி நுழைவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“யாருடா அவுரு?” என்றான் அண்ணன்.

“எங்க நைனா.”

அவன் என் தலையைப் பார்த்தான். நைனாவின் தலையைப் பார்த்தான்.

“அப்ப உன் மொட்டை?”

“திருமலைல அடிச்சது. தங்கச்சிக்கு வேண்டுதல்.”

பாதி காலியாக இருந்த பெட்டியின் மேல் அவன் கை அப்படியே நின்றது. பிறகு திடீரென்று வராந்தாவுக்கு ஓடினான்.

“டேய், இவங்க நைனா கீறாருடா! உசுரோட கீறாரு!”

எல்லாப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். கிண்டல் செய்தவன்தான் முதலில் கைதட்டினான். அப்புறம் வராந்தா முழுக்கக் கைதட்டல். ஒரு சின்னப் பையன் நைனாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினான். நைனா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். லட்டுகளை உதிர்த்து ஒவ்வொரு கையிலும் வைத்தார்.

“நான் இங்கயே படிக்கறேன் நைனா,” என்று அடம் பிடித்தேன். வேறொரு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அன்று என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அண்ணன் தண்ணீர் நிரப்பிய பாட்டிலோடு கேட் வரை வந்தான். என் கையிலிருந்த பம்பரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

வண்டி கிளம்பிய பிறகும் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளைகள். ஆனால் ஆளுக்கு ஒரு சிட்டிகை உதிர்ந்த லட்டுதான் கிடைத்தது. அந்த லட்டுப் பைக்குப் போய் இவ்வளவு கைதட்டலா?