வளைப்பக்கா கற்ற சந்தேகச் சொற்கள்

ஒவ்வொரு ஜோடி காலணியையும் இருபது தடவை வளைத்துப் பார்ப்பாள். ஒட்டு விடவில்லை என்றால்தான் காலணி நாக்கின் உட்புறம் தன் முத்திரையைக் குத்துவாள். எண் ஏழு, பக்கத்தில் அன்றைய தேதி. பதினோரு வருடம் இதே வேலை, இதே ஸ்டூல். தொழிற்சாலையில் அவளுக்கு வளைப்பக்கா என்றே பெயர்.

ஒருமுறை பல் பிடுங்க இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். விடுப்பில் போகிறவர் முத்திரையை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு ஸ்டோர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கிக்கொண்டதற்கு மேனேஜரும் போடுவார். அந்த இரண்டு நாளில் கப்பலுக்கு அவசரமாக அறுநூறு ஜோடி தேவைப்பட்டது. வளைத்துப் பார்க்க ஆளில்லை. மேனேஜர் தானே உட்கார்ந்து எல்லாவற்றிலும் ஏழாம் எண்ணைக் குத்தினார்.

காலணிகள் அக்கரையில் வாயைப் பிளந்தன. வாங்கிய நிறுவனத்திலிருந்து பரிசோதகர் அம்மா வந்தார். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். தொழிற்சாலையில் ஸ்பானிஷ் தெரிந்தவர் மேனேஜர் ஒருவர்தான்.

"அன்னிக்கு நான் லீவுங்க. வேணும்னா ஸ்டோர் நோட்டப் பாருங்க" என்றாள் வளைப்பக்கா. மேனேஜர் அதை ஸ்பானிஷில் சொன்னார். அம்மா வருத்தத்தோடு தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "நீயே தப்ப ஒத்துக்கிட்டேன்னு அந்தம்மா எழுதிக் குடுத்துட்டாங்க. இனிமே நோட்டு எதுக்கு?"

அவள் மறுப்பு மேனேஜரின் வாய்க்குள் போய் ஒப்புதலாக வெளியே வந்திருந்தது. ஸ்டூல் போயிற்று. பசைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நோட்டீஸ் போர்டில் நாலு குண்டூசியில் அவள் போட்டோ, கீழே 'கவனக்குறைவு'.

மன்னிப்பது பெருந்தன்மை என்று போதிப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் போட்டோ எந்த போர்டிலும் தொங்காதவர்கள். வளைப்பக்கா மன்னிக்கவில்லை. ஸ்டோர்காரரைக் கேட்டு அந்த நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு போன் வழியாக ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தாள்.

"முதல்ல வணக்கம், நன்றி கத்துக்கலாமாக்கா?"

"வேண்டாம் கண்ணு. நன்றி சொல்ற மாதிரி யாரும் எனக்கு எதுவும் பண்ணல. நம்பமாட்டேன்னு எப்படிச் சொல்றது, அதச் சொல்லு."

அந்தப் பெண் சிரித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பசை டப்பாவின் அட்டை மூடிகளில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள் அக்கா. 'மே எஸ்த்ராஞா', இது எனக்கு வினோதமாகப் படுகிறது. 'லோ டூடோ', அதைச் சந்தேகிக்கிறேன். 'நோ மே லோ க்ரேயோ', நான் நம்பவில்லை. 'சோஸ்பேச்சோ', சந்தேகப்படுகிறேன்.

"ரெண்டுமே சந்தேகம்தானே?"

"இல்லக்கா. நீ சொல்றது நிஜமில்லன்னா டூடோ. நிஜம் வேற எங்கயோ இருக்கு, எனக்குத் தெரியும்னா சோஸ்பேச்சோ."

"அப்ப எனக்கு ரெண்டும் வேணும்."

ஒத்திகை பார்க்க வீட்டுக்காரர் கிடைத்தார். "பஸ் லேட்டு" என்று நுழைந்தால், "மே எஸ்த்ராஞா" என்பாள். "டீ மட்டும்தான் குடிச்சேன்" என்றால், "லோ டூடோ." மனுஷன் ஒரே மாதத்தில் சீக்கிரம் வீடு திரும்பப் பழகிவிட்டார்.

எட்டு மாதம் கழித்துப் பரிசோதகர் அம்மா மறுபடி வந்தார். முதலாளியும் மேனேஜரும் பின்னால் வர, பசைப் பிரிவைக் கடக்கையில் அவளை அடையாளம் கண்டு நின்றார். மேனேஜர் முந்திக்கொண்டு ஸ்பானிஷில், இவள்தான், வளைக்காமலே குத்தியவள், இப்போது திருந்திவிட்டாள் என்றார். எட்டு மாதப் பாடத்தில், இந்த முறை அவளுக்குப் பாதிக்குமேல் புரிந்தது.

தூரிகையைக் கீழே வைத்தாள். "லோ டூடோ."

அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். மேனேஜர் இருவருக்கும் நடுவில் புகுந்தார். பசை வாடையில் இவளுக்குத் தலை சுற்றுகிறது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"நோ மே லோ க்ரேயோ" என்றாள் அக்கா. எழுந்து, மேனேஜரை நேராகப் பார்த்து, விரலை நீட்டினாள். "சோஸ்பேச்சோ தே எல்." இந்த ஆளைச் சந்தேகப்படுகிறேன்.

போனை அம்மாவிடம் கொடுத்தாள். முத்திரை எண் ஏழு, ஒப்படைத்த தேதி, திரும்ப வாங்கிய தேதி, இரண்டு கையெழுத்து. அம்மா தன் பையிலிருந்து வாய் பிளந்த ஒரு காலணியை எடுத்து, நாக்கைப் புரட்டித் தேதியைப் பார்த்தார். இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு நாள். தேதிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

"செகூரா?" நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார் அம்மா.

"செகூரா."

முதலாளி நோட்டை வரவழைத்துப் பார்த்தார். "சரிம்மா, உன் ஸ்டூல் உனக்கே. மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்."

"மன்னிப்ப நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? அவர் போட்டோவ மாட்டுங்க. அதே நாலு குண்டூசி."

"அதெல்லாம் எதுக்கு? கௌரவமான மனுஷன்."

"என் மூஞ்சி மட்டும் எட்டு மாசம் கௌரவமில்லாமத் தொங்கலாமா?"

அம்மா இன்னும் போகாமல் நின்றார். மேனேஜரின் போட்டோவை முதலாளியே மாட்டினார்.

அடுத்த வாரம் மேனேஜர் ஸ்டூல் பக்கம் வந்தார். "அக்கா, நானும் புள்ளகுட்டிக்காரன். அத மட்டும் எடுக்கச் சொல்லுங்க. ஏதோ தெரியாம நடந்துபோச்சு."

வளைப்பக்கா கையிலிருந்த காலணியை வளைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது வரை அவரை நிற்க வைத்தாள். ஒட்டு விடவில்லை. ஏழாம் எண்ணைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியாமயா? லோ டூடோ."