எல்லைக் கல்லுக்கு நான் எழுதிய மனு

மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ரேஷன் கார்டோ பட்டாவோ, எங்கள் தெருவில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பள்ளியில் இத்தனை வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்ததில், எதை எழுதவேண்டும், எதை விடவேண்டும் என்பது கைக்குப் பழகியிருந்தது. நான் எழுதியதிலேயே நல்ல மனு, ரெட்டியார்பாளையம் தாண்டி விழுப்புரம் சாலையோரம் நிற்கிற ஒரு கல்லுக்காக எழுதியது.

இடுப்புயரக் கருங்கல். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் எல்லை முடிந்து ஆங்கிலேயன் எல்லை தொடங்கிய இடம் அது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எங்களுக்கு அது தம்பி விழுந்த இடம். வேலை முடிந்து பைக்கில் வந்தவனை ஒரு லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. ஆட்கள் ஓடிவந்து பார்த்தபோது அந்தக் கல்லில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தானாம். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா அந்தப் பக்கமே போகமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ அமாவாசைதோறும் பஸ் ஏறிப் போய்க் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு டம்ளர் டீயும் வைக்க ஆரம்பித்தாள். தம்பி டீப் பைத்தியம்.

"கடைசியா அவன தாங்குனது இதுதான்டி" என்றாள்.

போகப்போக ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடம் வந்ததும் ஒரு கையால் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். "உம்புள்ள டிரைவருங்களுக்கு சாமியாயிட்டான், பாத்துக்க" என்று கிண்டல் செய்தேன்.

"இருந்துட்டுப் போவட்டும். வண்டிய மெதுவா ஓட்டுவானுங்க இல்ல" என்றாள் அம்மா. அவன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு சாலையை அகலப்படுத்த அளந்தார்கள். கல்லின் மேல் சிவப்பு பெயிண்டில் ஒரு நம்பர் விழுந்தது. அனுமதியில்லாத சின்னக் கோயில்களை முதலில் எடுப்பார்கள் என்று பேச்சு. அம்மா சாப்பாட்டை ஒதுக்கிவிட்டாள். "திரும்பவும் அவன ரோட்டுல தள்ளிட்டுப் போவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நூலகத்தில் பழைய வரைபடங்களைப் புரட்டி, அது எல்லைக்கல் என்று கண்டுபிடித்தேன். இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினேன். கோயில் என்றால் இடிப்பார்கள், சரித்திரம் என்றால் விட்டுவைப்பார்கள். அதனால் தம்பியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. முடிவில், "இது வழிபாட்டுத் தலம் அல்ல. இக்கல்லை வழிபடுவோர் எவரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது கொஞ்சமும் தயங்கவில்லை. அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மனு ஜெயித்தது. சாலை கல்லை விட்டு ஒதுங்கிப் போனது. வேலையெல்லாம் முடிந்து ஓர் அமாவாசையன்று அம்மாவோடு போனேன். கல்லை எதையோ போட்டுத் தேய்த்திருந்தார்கள், மஞ்சள் பொட்டுகூட இல்லை. சுற்றிலும் நெஞ்சளவுக்கு நெருக்கமான கம்பி வேலி, அதற்கொரு பூட்டு. பக்கத்தில் நீல நிறப் பலகை. அதில் மூன்று மொழியிலும் என் வாக்கியங்களே இருந்தன. பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. கடைசி வரியில் தொடக் கூடாது என்று போட்டிருந்தது. அம்மா மஞ்சள் டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மனு கொடுத்த ஆபீசுக்குப் போய், மாதம் ஒருநாள் மட்டும் சாவி கொடுக்கமுடியுமா என்று கேட்டேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலை எடுத்து, என் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க மேடம். இத வெச்சுத்தான் கல்லையே காப்பாத்துனோம். இப்ப மாத்திச் சொன்னா எப்படி?"

நான் எழுந்துகொண்டேன். அடுத்தவர் மனுவை எடுத்துக்கொண்டு அவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். சாவி தரமாட்டார்களாம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா போவதை நிறுத்தவில்லை. போன அமாவாசைக்கு நானும் கூடப் போனேன். வேலிக் கம்பியில் குங்குமம் தடவினாள். பலகையைப் படிக்கச் சொன்னாள், படித்தேன்.

"அவன் பேரு எங்கியும் வரலியே."

"வரலம்மா."

பிளாஸ்கிலிருந்து டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "இங்க யாரும் கும்புடறதில்லன்னு எவனோ எழுதிக் குடுத்துட்டானாம். கம்பி போட வந்தவங்க டீக்கடையில சொல்லியிருக்காங்க. அந்தக் கை வெளங்குமா?"

வேலியோரம் டம்ளர் வைக்கத் தரையைக் கையால் துடைக்கக் குனிந்தாள். "செத்த இத புடி" என்று டீயை என்னிடம் நீட்டினாள். அந்தக் கையால்தான் வாங்கிக்கொண்டேன்.