அழகம்மாள் கிழித்த வேட்டி

எனக்கு அடிபட்டால் வலியைவிடக் கோபம்தான் முதலில் வரும். சர்க்கரைக்காரன் வேறு. அன்று ஆடி அமாவாசை. துறையூரில் டீ குடிக்க இறங்கும்போது பஸ் படியில் பெயர்ந்து நின்ற தகரம் குதிகாலைக் கிழித்துவிட்டது. கண்டக்டரை நாலு வார்த்தை திட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். திருச்சி அக்காவுக்கு வாங்கிய காப்பித்தூள் பையில் இருந்தது. எங்கள் வீட்டில் ரத்தம் வந்தால் அதுதான் மருந்து. பொட்டலத்தைப் பிரித்தேன்.

ஒரு கை அதைத் தட்டிவிட்டது. உப்பிலியபுரத்திலிருந்து என் பக்கத்து சீட்டில் வந்த அழகம்மாள். ஐம்பது வயதிருக்கும். களை எடுக்கும் கூலி வேலை. கணவர் வீரமலைக்குத் திதி கொடுக்க வருஷா வருஷம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போகிறவர் என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தார். என் காலைத் தொட நீங்கள் யார் என்று சிடுசிடுத்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

காவிரியில் குளிக்க வைத்திருந்த சோப்பைப் போட்டு முதலில் தன் கையைக் கழுவிக்கொண்டார். வளையலில் மாட்டியிருந்த ஊக்கால் தண்ணீர் பாட்டில் மூடியில் ஒரு துளை போட்டு அமுக்கினார். தண்ணீர் பீச்சியடித்து, காயத்துக்குள் இருந்த மண்ணெல்லாம் வெளியே வந்தது. பாட்டில் முழுதும் காலியாகும்வரை விடவில்லை. நான் ‘ஐயோ அம்மா’ என்று கத்தியது டீக்கடைவரை கேட்டிருக்கும்.

கட்டுவதற்கு என் கைக்குட்டையை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தன் பையிலிருந்து மடிப்புக் கலையாத வேட்டி ஒன்றை எடுத்தார். ஐயருக்குத் தானம் கொடுக்க வாங்கியது. இருபது வருஷமாகத் துணிக்கடை வைத்திருக்கிறேன், பார்த்ததுமே நல்ல சரக்கு என்று தெரிந்தது. தானத்துக்கு வைத்ததைக் கிழிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். ஊக்கால் கரையைக் கீறி, சர்ரென்று கிழித்துவிட்டார். உள்மடிப்பு மட்டும் காயத்தில் படும்படி வைத்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக் கட்டினார்.

பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. அதன் பிறகுதான் சொன்னார். வீரமலைக்கும் சின்னக் காயம்தான். மண்வெட்டி பட்டது. அவருக்குச் சர்க்கரை இருந்தது யாருக்கும் தெரியாது. இவர்தான் காப்பித்தூளை அப்பிக் கட்டுப் போட்டிருக்கிறார். பத்து நாளில் கால் முழங்கால்வரை கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. அப்போது அவருக்கு நாற்பத்தோரு வயது. இரண்டு பெண் பிள்ளைகளையும் இவர் களையெடுத்தேதான் வளர்த்திருக்கிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மலைக்கோட்டைக்குச் சரக்கெடுக்கத்தான் போகிறேன், கூட வாருங்கள், வேறு வேட்டி எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

“அன்னைக்கும் வீட்டுல புது வேட்டி ஒண்ணு இருந்துச்சுங்க. பொங்கலுக்கு எடுத்தது. கிழிக்க மனசு வரல. கந்தலத்தான் கட்டினேன்.”

மடியில் இருந்த வேட்டியை நீவிவிட்டார்.

“கடைசில அந்தப் புது வேட்டியத்தான் அவரு மேல போர்த்தி அனுப்பினேன்.”

பாவி மனுஷி, இத்தனை வருஷமாக இதையா சுமந்துகொண்டு காவிரிக்குப் போய்வருகிறார்! மாம்பழச்சாலையில் பஸ் நின்றது. இன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். மிச்ச வேட்டியைக் கிழிசல் வெளியே தெரியாமல் மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.